நிலநடுக்கம் எங்கே நடந்தது? கவராயமும் கிராஃப் தாளும் வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

'நிலநடுக்கம் ஏன் ஏற்படுகிறது?' என்று கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் 'புவித்தட்டுகள் ஒன்றோடொன்று மோதுவதால்' என்று எழுதுவார்கள். நேபாளத்துக்கு அது சரி. 2000 டிசம்பர் 12 அன்று காலையில் கோட்டயம் மாவட்டம் ஈராட்டுப்பேட்டை பக்கம் 5.0 அளவில் வந்த நடுக்கத்துக்கு அதே விடையை எழுதினால் தவறு. அங்கிருந்து அந்தமான் தட்டு எல்லையும் சரி, அரபிக்கடலுக்குள் ஓடும் கடலடி மலைத்தொடரும் சரி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கின்றன. பக்கத்தில் மோதிக்கொள்ள இரண்டு தட்டுகள் இல்லை.

ஆகவே 'எங்கே' என்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் 'ஏன்' என்பதற்குப் போக வேண்டும். இடம் தெரியாமல் காரணம் எழுதக் கூடாது. குமுளி, மூணாறு, நெடுங்கண்டம், பாலக்காட்டுச் சித்தூர் பக்கமுள்ள தமிழ்வழி மாணவர்கள் 8-ஆம் வகுப்பிலிருந்தே செய்யக்கூடிய பயிற்சி இது. இரண்டு பாடவேளை போதும்.

இரண்டு அலைகள், ஒரு நேர வித்தியாசம்

பாறை உடைந்து நழுவும் இடத்துக்கு மையம் என்று பெயர். அது பூமிக்குள் இருக்கிறது. அதற்கு நேர் மேலே தரையில் உள்ள இடம் மேல்மையம். நாம் தேடுவது மேல்மையத்தை.

மையத்திலிருந்து இரண்டு வகை அலைகள் ஒரே நொடியில் கிளம்புகின்றன. முதன்மை அலை, அதாவது பி அலை, போகும் திசையிலேயே பாறையை நெருக்கி விரித்துக்கொண்டு ஓடும். இரண்டாம் நிலை அலையான எஸ் அலை, போகும் திசைக்குக் குறுக்கே பாறையை அசைக்கும். நம் பகுதியின் கெட்டியான மேலோட்டுப் பாறையில் பி அலைக்கு நொடிக்குச் சுமார் 6 கி.மீ. வேகம், எஸ் அலைக்குச் சுமார் 3.5 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டால் பள்ளிக் கணக்குக்குச் சரியாக வரும்.

கம்பம் ஊரிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பிய ஜீப்பும் பஸ்ஸும் மலையேறினால், தூரம் கூடக்கூட இரண்டுக்கும் உள்ள இடைவெளியும் கூடும். எந்த வளைவில் நின்று பார்த்தாலும், ஜீப் போய் எத்தனை நிமிடம் கழித்துப் பஸ் வந்தது என்பதை வைத்தே கம்பம் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். கிளம்பிய நேரம் தெரிய வேண்டியதே இல்லை. நிலநடுக்கத்துக்கும் இதே கணக்குதான்.

ஒரு கிலோமீட்டரைக் கடக்க எஸ் அலைக்கு 1 ÷ 3.5 = 0.2857 நொடி ஆகிறது. பி அலைக்கு 1 ÷ 6 = 0.1667 நொடி. வித்தியாசம் 0.119 நொடி. இதைத் தலைகீழாக்கினால் 8.4. ஆக,

தூரம் (கி.மீ.) = எஸ் அலை வந்த நேரத்துக்கும் பி அலை வந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் (நொடி) × 8.4

இந்த 8.4-ஐ மனப்பாடம் செய்ய வேண்டாம். வேகம் இரண்டும் தெரிந்தால் யாரும் அரை நிமிடத்தில் வருவித்துவிடலாம். அப்படி வருவித்தவருக்குத்தான், வேகம் மாறினால் இந்த எண்ணும் மாறும் என்பது புரியும். 200 கி.மீ.க்கு மேல் போனால் இதைப் பயன்படுத்தக் கூடாது. அந்தத் தூரத்தில் முதலில் வந்து சேரும் அலை மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசத்தின் மேற்பகுதி வழியாக, நொடிக்கு 8 கி.மீ. அளவு வேகத்தில் வருகிறது. சுமத்ரா நடுக்கத்துக்கு 8.4-ஆல் பெருக்கினால் தூரம் மிகவும் குறைவாக வந்து நிற்கும்.

தாளைத் தயார் செய்தல்

வேண்டியவை: ஏ4 அளவு மில்லிமீட்டர் கிராஃப் தாள், 30 செ.மீ. ஸ்கேல், ஜியாமெட்ரி பாக்ஸ் கவராயம், நன்றாகச் சீவிய எச் அல்லது 2எச் பென்சில், தாளுக்கு அடியில் வைக்க ஒரு அட்டை. அட்டையை விட்டுவிடாதீர்கள். வழுக்கும் மேசையில் கவராய முள் அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் போய்விடும்.

அச்சிட்ட அட்லஸைவிடச் சொந்தமாகக் கட்டம் போட்டுக்கொள்வது நல்லது. அட்லஸ் படத்தை ஜெராக்ஸ் எடுக்கும்போது சுருக்கியோ பெருக்கியோ விட்டால் அளவுத்திட்டம் பொய்யாகிவிடும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

1 செ.மீ. = 20 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அட்சரேகையில் ஒரு பாகை ஏறக்குறைய 111 கி.மீ. என்பதால் தாளில் 5.5 செ.மீ. கேரளத்தின் அட்சத்தில் தீர்க்கரேகையின் ஒரு பாகையும் சுமார் 110 கி.மீ. தான், அதற்கும் 5.5 செ.மீ. போடலாம். தாளின் கீழ் இடது மூலை 8° வடக்கு, 76° கிழக்கு. வலப்பக்கம் 11 செ.மீ. போனால் 78° கிழக்கு. மேலே 16.5 செ.மீ. போனால் 11° வடக்கு. தென்கேரளமும் தேனி, திண்டுக்கல் பக்கமும் இதற்குள் அடங்கிவிடும். ஆந்திர எல்லையில் குப்பம், சித்தூர், நகரி பக்கம் உள்ளவர்கள் 12° வடக்கு, 78° கிழக்கிலிருந்து தொடங்கலாம். அங்கே தீர்க்கரேகைகள் சற்று நெருங்குவதால் கிடையாக ஒரு பாகைக்கு 5.4 செ.மீ. போட வேண்டும். வடக்கே போகப்போக இது இன்னும் குறையும். டெல்லிக்குக் கட்டம் போடுகிறவர் 5.5 என்றே வைத்தால் வட்டங்கள் ஒருநாளும் ஒன்றுகூடாது.

இப்போது மூன்று நிலையங்களைக் குறிக்கலாம். மூலையிலிருந்து கிடையாக எவ்வளவு, மேலே எவ்வளவு என்று:

கொடைக்கானல் (10.23° வ, 77.47° கி): கிடை 8.1 செ.மீ., மேல் 12.3 செ.மீ.
திருவனந்தபுரம் (8.52° வ, 76.94° கி): கிடை 5.2 செ.மீ., மேல் 2.9 செ.மீ.
திருச்சூர் (10.52° வ, 76.21° கி): கிடை 1.2 செ.மீ., மேல் 13.9 செ.மீ.

கொடைக்கானலில் 19-ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே நிலநடுக்கமானி வைத்திருந்தார்கள். ஆனால் கீழே வரும் நேரங்கள் பயிற்சிக்காகக் கணக்கிட்டவை. உண்மைப் பதிவென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நேரத்தைப் படித்து வட்டம் போடுதல்

மணி 10, நிமிடம் 5-க்குப் பிறகு வந்த நொடிகள் இவை.

கொடைக்கானல்: பி 35.7, எஸ் 46.9
திருவனந்தபுரம்: பி 42.0, எஸ் 57.7
திருச்சூர்: பி 38.6, எஸ் 51.9

கழித்துப் பாருங்கள். கொடைக்கானலுக்கு 11.2 நொடி, 8.4-ஆல் பெருக்கினால் 94 கி.மீ., தாளில் 4.7 செ.மீ. திருவனந்தபுரத்துக்கு 15.7 நொடி, 132 கி.மீ., 6.6 செ.மீ. திருச்சூருக்கு 13.3 நொடி, 112 கி.மீ., 5.6 செ.மீ.

முதலில் திருவனந்தபுரம், திருச்சூர் இரண்டுக்கும் மட்டும் வட்டம் போட்டு நிறுத்துங்கள். அவை இரண்டு இடங்களில் வெட்டும். ஒன்று ஈராட்டுப்பேட்டை பக்கம் மலையடிவாரத்தில் விழும். இன்னொன்று ஆலப்புழைக்கு மேற்கே கடலில் விழும். இரண்டு நிலையங்களின் நேரத்தை மட்டும் வைத்து இவற்றில் எது சரி என்று சொல்ல வழியே இல்லை. மூன்று நிலையம் ஏன் வேண்டும் என்பதை மாணவர் தாமே கண்டுகொள்ளும் இடம் இது. ஆசிரியர்கள் இதை அவசரமாகத் தாண்டிவிட வேண்டாம்.

பிறகு கொடைக்கானல் வட்டத்தைப் போடுங்கள். அது கடல் புள்ளியை விட்டுவிட்டு மலைப் புள்ளியை ஒட்டிப் போகும். மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்காமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சிறு முக்கோணம் கிடைக்கும். அதன் நடுப்புள்ளி கிடையாக 4.5, மேலே 9.4 செ.மீ. அருகே இருக்க வேண்டும். 5.5-ஆல் வகுத்து மூலையின் பாகையோடு கூட்டினால் 9.7° வடக்கு, 76.8° கிழக்கு.

இந்த முக்கோணத்தை அழித்துவிட்டுப் புள்ளி வைக்கும் பழக்கம் மாணவர்களிடம் இருக்கிறது. வேண்டாம். அதை அப்படியே விட்டு, பக்கத்தை அளந்து, 'பிழை சுமார் 5 கி.மீ.' என்று எழுதுங்கள். ஆய்வு நிலையங்கள் தரும் மேல்மையத்துக்கும் பிழை எல்லை உண்டு. முக்கோணம் எவ்வளவு பெரியது என்று சொல்வதும் விடையின் ஒரு பகுதிதான்.

நடுக்கம் தொடங்கிய நேரமும் இதிலேயே கிடைக்கும். கொடைக்கானலுக்கு வர பி அலைக்கு 94 ÷ 6 = 15.7 நொடி ஆகியிருக்கும். 35.7-இல் அதைக் கழித்தால் 20.0. மற்ற இரண்டு நிலையங்களுக்கும் செய்து பாருங்கள், அதே 20 நொடி வர வேண்டும். வராத நிலையத்தில்தான் நேரத்தைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

எங்கே தவறு நடக்கும்

முக்கோணம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வந்தால் முதலில் எஸ் அலையைச் சந்தேகப்படுங்கள். நிலநடுக்கமானி வரையும் பதிவில் பி அலை அமைதியான கோட்டிலிருந்து கிளம்புவதால் அதன் தொடக்கம் தெளிவாக இருக்கும். எஸ் அலையோ பி அலையின் அதிர்வு அடங்குவதற்குள் வந்து அதன்மேல் ஏறிக்கொள்கிறது. மாணவர்கள் பெரும்பாலும் மிக உயரமான முகட்டைப் பார்த்து அதன் நேரத்தை எழுதிவிடுவார்கள். வேண்டியது அந்த ஏற்றம் தொடங்கும் இடம். ஒரு நொடி பிசகினால் 8.4 கி.மீ., தாளில் 4 மி.மீ. உண்மையான பதிவுகளைப் படிக்கும்போது பி அலையை மேல்கீழ் அசைவைக் காட்டும் பதிவிலும், எஸ் அலையைக் கிடை அசைவைக் காட்டும் பதிவிலும் தேடுங்கள். எஸ் அலை தரையைப் பெரும்பாலும் பக்கவாட்டில் ஆட்டுவதால் அங்கேதான் நன்றாகத் தெரியும்.

அடுத்தது கடிகாரம். பன்னாட்டுத் தளங்கள் உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே இருக்கிறது. ஒரு நிலையத்தை ஒரு நேரத்திலும் இன்னொன்றை வேறு நேரத்திலும் எடுத்தால் தூரம் கெடாது, ஏனென்றால் கழித்தல் ஒரே நிலையத்துக்குள் நடக்கிறது. தொடக்க நேரம்தான் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும்.

மூன்று வட்டங்களும் ஒன்றையொன்று தாராளமாக மூடிக்கொண்டால் அதற்குக் காரணம் மையத்தின் ஆழமாக இருக்கலாம். நாம் கணக்கிட்ட தூரம் பூமிக்குள் இருக்கும் மையத்துக்கு, தரையிலுள்ள மேல்மையத்துக்கு அல்ல. நிலையம் 94 கி.மீ. தள்ளி இருந்தால் 10 கி.மீ. ஆழம் சுமார் அரை கிலோமீட்டர் வித்தியாசம்தான் காட்டும். ஆனால் கணக்கிட்ட தூரம் 15 கி.மீ. என்றால், பிதாகரஸ் தேற்றப்படி தரைத்தூரம் 11 கி.மீ. தான். கிட்ட இருக்கும் நிலையங்களில்தான் ஆழம் தன்னைக் காட்டும்.

நிலையங்கள் மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தாலும் முக்கோணம் நீண்டுவிடும். நம் பயிற்சியில் வடகிழக்கு, தெற்கு, வடமேற்கு என்று மேல்மையத்தைச் சுற்றி நிலையங்களைப் போட்டிருப்பது அதற்காகத்தான்.

இடம் தெரிந்த பிறகு, காரணம்

உலகத் தட்டு எல்லைப் படத்தின்மேல் உங்கள் புள்ளியை வையுங்கள். அது எல்லைக்கோட்டின்மேல் விழுந்தால் எந்த வகை எல்லை என்று கேளுங்கள். விலகும் எல்லையில் ஆழம் குறைந்த, பெரும்பாலும் மிதமான நடுக்கங்களும் எரிமலைக் குழம்பும் வரும். உரசும் எல்லையில் ஆழமற்ற நடுக்கம் வரும், எரிமலை இருக்காது. ஒன்றின்கீழ் ஒன்று போகும் எல்லையைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மிகப் பெரிய நடுக்கங்கள் அங்கேதான் பிறக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று இந்திய நேரம் காலை 6.28-க்குச் சுமத்ரா அருகே தொடங்கிய 9.1 நடுக்கம் அந்த வகை. உடைந்த நீளம் சுமார் 1,300 கி.மீ. அதன் ஆழிப்பேரலை கொல்லம் ஆலப்பாட்டையும் குமரி மாவட்டக் குளச்சலையும் அழித்தது.

அந்தமான் பக்கம் இந்தியத் தட்டு கிழக்கு நோக்கிச் சரிந்து இறங்குகிறது. தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் இணையப் பட்டியலில் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் நேரம், பாகை, ஆழம், அளவு இருக்கும். அந்தமானுக்கு ஐம்பது நடுக்கங்களை எடுத்து, 70 கி.மீ. வரையுள்ள ஆழத்துக்குச் சிவப்பு, அதற்குக் கீழே பச்சை என்று புள்ளி வையுங்கள். மேற்கே சிவப்பு மட்டும் இருக்கும். கிழக்கே போகப்போகப் பச்சை சேரும். சரிந்து இறங்கும் தட்டு உங்கள் தாளிலேயே தெரியும். சரியாக 10 அல்லது 33 கி.மீ. என்று ஒரே ஆழம் பல வரிகளில் வந்தால் அவற்றை இந்தப் பயிற்சியில் சேர்க்க வேண்டாம். ஆழத்தைத் தீர்மானிக்க முடியாதபோது கணக்கை முடிப்பதற்காக வைக்கும் எண்கள் அவை.

இந்தியாவில் இப்போதும் சீறும் ஒரே எரிமலையான பாரன் தீவு அந்தக் கிழக்கு வரிசையில்தான் இருக்கிறது. 1787-இல் சீறியதற்குப் பதிவு உண்டு. நெடுங்காலம் அடங்கியிருந்து 1991-இல் மறுபடி சீறியது. இங்கே தவறான விடை ஒன்று நிலைத்துப்போய்விட்டது: 'தட்டு உரசிச் சூடாகி உருகுகிறது' என்பது. நடப்பது வேறு. இறங்கும் தட்டின் கனிமங்களுக்குள் கட்டுண்டிருக்கும் நீர், சுமார் 100 கி.மீ. ஆழத்தில் அழுத்தமும் வெப்பமும் கூடுவதால் வெளியேறி, மேலே உள்ள கவசப் பாறைக்குள் புகுகிறது. நீர் கலந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். அந்தக் குழம்புதான் மேலே ஏறுகிறது. இமயமலையில் இரண்டு கண்டங்கள் மோதுகின்றன. அங்கே இப்படி நீரைச் சுமந்து இறங்கும் கடல்தட்டு இப்போது இல்லை. அதனால் பெரும் நடுக்கம் உண்டு, எரிமலை வரிசை இல்லை.

உங்கள் புள்ளி எல்லையிலிருந்து நெடுந்தொலைவில், தட்டின் நடுவே விழுந்தால் அது உள்தட்டு நிலநடுக்கம். நம் மாநில எல்லைப் பகுதி நடுக்கங்கள் எல்லாம் இந்த வகை. 1900 பிப்ரவரி 8 அன்று பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியை உலுக்கிய கோயம்புத்தூர் நடுக்கம் (சுமார் 6), 1988 ஜூனில் நெடுங்கண்டம் பக்கம் வந்தது (4.5), ஆந்திரத்தில் 1967 மார்ச்சில் ஓங்கோல் (5.4) ஆகியவை அப்படிப்பட்டவை. 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூரை அழித்ததும் (6.2) இதே வகைதான். ஆகவே உள்தட்டு என்றால் சிறியது என்று எழுதிவிடக் கூடாது.

காரணத்தை இப்படி எழுதலாம்: 'இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்காக நகர்கிறது. வடக்கே யுரேசியத் தட்டு தடுப்பதால் தட்டு முழுவதும் அழுத்தம் பரவுகிறது. தென்னிந்தியப் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. அவற்றில் பழைய பிளவுகள் உள்ளன. அந்தப் பலவீனமான கோடுகளில் அழுத்தம் தாங்காமல் பாறை நழுவும்போது நடுக்கம் ஏற்படுகிறது.' நான்கு மதிப்பெண்ணுக்கு இது போதும். மேல்மையத்தின் பாகையையும் சேர்த்து எழுதினால் விடை முழுமையாகும்.

அணைக்கட்டு பற்றி இடுக்கி மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். நீர்த்தேக்கம் நடுக்கத்தைத் தூண்டியதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு மகாராஷ்டிரத்தின் கொய்னா. அங்கே நீர் தேக்கத் தொடங்கிய சில ஆண்டுகளில், 1967 டிசம்பரில் 6.3 அளவு நடுக்கம் வந்தது. பிளவுக்குள் நீரின் அழுத்தம் பரவி, ஏற்கெனவே நழுவத் தயாராக இருந்த பாறையை நழுவவிடுகிறது. ஆனால் அணைக்குப் பக்கத்தில் நடந்தது என்பதற்காக மட்டும் அணையைக் காரணமாக எழுதக் கூடாது. நீர்மட்டம் ஏறி இறங்குவதோடு நடுக்கங்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பல ஆண்டுப் பதிவில் பார்த்த பிறகே அதைச் சொல்ல முடியும்.

நிலச்சரிவையும் இதோடு குழப்ப வேண்டாம். மூணாறு பக்கம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு லயத்து வீடுகளை மண் மூடியது கடும் மழையால். நிலநடுக்கம் நிலச்சரிவைத் தூண்டலாம். ஆனால் நம் மலைகளில் சரிவுக்கு முதல் காரணம் மண்ணில் ஊறிய நீர்.

அளவு வேறு, தீவிரம் வேறு

அளவு என்பது மையத்தில் வெளிப்பட்ட ஆற்றலைச் சொல்லும் ஒரே எண். ஒரு எண் கூடினால் பதிவின் அசைவு 10 மடங்கு, ஆற்றல் சுமார் 32 மடங்கு. இரண்டு கூடினால் ஆற்றல் ஆயிரம் மடங்கு. ஈராட்டுப்பேட்டையின் 5.0-க்கும் 2001 ஜனவரி 26 அன்று பூஜ் நகரை இடித்த 7.7-க்கும் ஆற்றலில் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். தீவிரம் என்பது ஓர் ஊரில் எப்படி உணரப்பட்டது என்பது. அது ஊருக்கு ஊர் மாறும்.

தீவிரத்தை மாணவர்களே எடுக்கலாம். நடுக்கம் உணர்ந்த இரண்டு நாளுக்குள் வீடுவீடாகக் கேளுங்கள். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் மற்றவர் சொன்னதெல்லாம் அவரவர் நினைவில் கலந்துவிடும். கேட்க வேண்டியவை: அப்போது படுத்திருந்தாரா, நின்றாரா, நடந்தாரா, தரைத்தளமா மாடியா, தொங்கும் விளக்கு ஆடியதா, அலமாரிப் பாத்திரங்கள் மோதிக்கொண்டனவா, தகரக் கூரை சத்தம் போட்டதா, தூங்கியவர் விழித்தாரா, சுவரில் புது விரிசல் உண்டா. பழைய விரிசலைப் புதியதென்று எழுதிவிடாமல் பார்க்க வேண்டும். விரிசலின் உட்புறம் தூசியும் சிலந்தி வலையும் இல்லாமல் வெளுத்திருந்தால் புதியது. 'நடுக்கத்தை உணர்ந்தீர்களா?' என்று தொடங்காதீர்கள், 'ஆமாம்' என்று சொல்ல அதுவே தூண்டும். 'அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?' என்று தொடங்குங்கள். ஒன்றும் உணரவில்லை என்று சொன்ன வீட்டையும் படத்தில் சுழியமாகக் குறியுங்கள். சுழியங்கள் தொடங்கும் இடத்தில்தான் உணரப்பட்ட பகுதியின் எல்லைக்கோட்டை வரைய முடியும்.